முழங்கைக்குப் பின்னால் ஏழு

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரி யார் கையிலாவது கிடைத்தால் படிக்காமல் திருப்பித் தரவும். ஆவுடைச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

பூச்சிமருந்துக் கடையில் அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒரு புழு செத்துக் கிடக்கிறது. அடுப்படியில், ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வயிறு வலிக்கிறது.

அரையாண்டு லீவுக்கு முன்னால் எமரன்சியா டீச்சர் எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தார். அது பகா எண்ணா, இல்லை வேறு எண்ணால் வகுபடுமா என்று பார்த்துவர வேண்டும். 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களாக எடுத்து வகுத்துக்கொண்டே போக வேண்டும். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டுகிறதோ, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஜொகராவின் எண் மூன்றாலேயே போய்விட்டது. அவள் அன்றைக்கே முடித்துவிட்டு லீவு முழுக்கப் பல்லாங்குழி ஆடினாள். எனக்கு வந்தது 73939133. அது எதற்கும் மசியவில்லை. எண்ணாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் வரைக்கும் வகுக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் 97 வரை வகுத்தேன். அப்புறம் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே "பகா எண்" என்று எழுதி இரண்டு கோடு போட்டுவிட்டேன்.

இன்றைக்கு டீச்சர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். 97-க்குப் பிறகு இருந்த வெள்ளைப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். "நோட்டு நல்ல நோட்டு" என்றார். "முடிச்சிட்டியாட்டி?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய முதலாளி ரவுண்டு வந்தார். அவர்தான் பள்ளிக்கூடத்தின் தாளாளர். பள்ளியைப் பாதி பிரித்துக் கொடு என்று அவர் தம்பி, சின்ன முதலாளி, கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார். இது ஊருக்கே தெரியும். யாராலும் வகுக்க முடியாத எண் என்று டீச்சர் சொன்னதும் பெரிய முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாராலயும் பிரிக்க முடியாதா தாயி? சத்தியமா?" என்று என்னையே கேட்டார்.

அதற்கும் தலையாட்டினேன். ஒரே நாளில் இரண்டு தலையாட்டல்.

ஜனவரி 7, புதன்

பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள்.

பள்ளிக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க இருக்கிறது. இடது பக்கம் பெரிய முதலாளி கும்பிட்டபடி நிற்கிறார், நிஜத்தைவிட இரண்டு மடங்கு. நடுவில் சிவப்பில் 73939133. ஒவ்வொரு எண்ணும் என் உயரம். அவர் முழங்கை நீண்டு வந்து முதலில் இருக்கும் 7-ஐப் பாதி மறைக்கிறது. அதை அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கிறது. வலது பக்கக் கடைசியில், கரண்டுக் கம்பத்தின் ஓரமாக, நான். வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. என் கன்னத்தோடு ஜொகராவின் காது ஒட்டியிருக்கிறது.

மேலே, "எங்கள் பள்ளியைப் போல எவராலும் பிரிக்க முடியாத எண்!" என்று இருந்தது.

எதிர் டீக்கடையில் சின்ன முதலாளி இதைப் பார்த்துக்கொண்டே வடையைப் பிய்த்தாராம். பெரிய முதலாளி வந்ததும் பந்தயம் கட்டிவிட்டார்கள். பிப்ரவரி ஆறு ஆண்டு விழா. அன்றைக்கு மேடையில், பிளெக்ஸில் இருக்கும் எண்ணை யாராவது வகுத்துக் காட்டிவிட்டால் பெரியவர் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட வேண்டும். முடியாவிட்டால் சின்னவர் கேஸை வாபஸ் வாங்க வேண்டும். அதுவரை பிளெக்ஸை இரண்டு பேரும், அவர்கள் ஆட்களும் தொடக்கூடாது, மாற்றக்கூடாது, ஒட்டுப்போடக்கூடாது.

பிரித்தால் கோடு எப்படிப் போகும் என்று ஜொகரா விசாரித்துவந்தாள். தண்ணீர்த் தொட்டி பெரியவருக்கு, கக்கூஸ் சின்னவருக்கு. எங்கள் வகுப்பில் கரும்பலகை ஒருவருக்கு, பெஞ்சு மற்றவருக்கு.

பெரிய முதலாளி என்னைப் பார்த்து, "எண்ணு பொய்யாப் போச்சுன்னா ஒனக்கு டி.சி.தான் தாயி" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

101-லிருந்து வகுக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஆயிரம் பகா எண்களுக்கு மேல் இருக்கும்.

ஊரே வகுக்கிறது. பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் வகுக்கிறார். ரேஷன் கடை வரிசையில் வகுக்கிறார்கள். சலூனில் ஒருவருக்குப் பாதி மீசையோடு வேலை நிற்கிறது. மதியம் செல்போன் கடை அண்ணன் ஓடிவந்து, "ஏழால போயிருச்சு" என்று கத்தினார். எனக்குக் கண் இருட்டிவிட்டது. பெஞ்சில் படுக்கவைத்தார்கள். கடைசியில் பார்த்தால், அவர் கடைசி மூன்றை எட்டு என்று அடித்திருக்கிறார்.

அம்மா, ராத்திரியில் என்னட்டி எழுதுகிறாய் என்று கேட்டாள். சமூக அறிவியல் என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

401 வரை வந்துவிட்டேன். கனவில் மீதி வருகிறது.

ஜனவரி 13, செவ்வாய், போகி

என் போட்டோவைக் காணவில்லை. கடைசி மூன்றும் சேர்ந்து போய்விட்டது. பிளேடால் நேராக வெட்டியிருக்கிறார்கள். கரண்டுக் கம்பத்துப் பக்கம் சந்து திரும்புகிற இடம், அங்கே யார் நின்றாலும் தெரியாது. பெரிய முதலாளி முகத்துப் பக்கம் பிளேடு வைக்க இந்த ஊரில் யாருக்கும் தைரியமில்லை. அதனால் வலது பக்கம்தான் எளிது.

சாயங்காலம் ஜொகரா வந்து, "ஏட்டி ஆவுடை, ஒம் மூஞ்சி மேல கோழி நிக்கிட்டி" என்றாள். எங்கள் தெரு வள்ளிமயிலக்கா பொங்கலுக்குக் கோழிக்கூட்டின் கூரையைப் புதுப்பித்திருக்கிறாள். நான் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா போய்ச் சண்டை போட்டாள். "புள்ள படத்தைத்தான வச்சிருக்கேன், என்ன, குப்பையிலயா போட்டுட்டேன்?" என்று வள்ளிமயிலக்கா திருப்பிக் கேட்டிருக்கிறாள். அம்மா இரண்டு முட்டையோடு திரும்பி வந்தாள்.

பெரிய முதலாளி துடிக்கிறார். ஆனால் ஒட்டுப்போடக்கூடாது என்பது பேச்சு. சின்ன முதலாளிக்குச் சந்தோஷம். இவ்வளவு நாளாக வகுத்தது முழு எண்ணை, இனிமேல் மொட்டை எண், இது கண்டிப்பாக உடையும் என்கிறார்.

இப்போது பிளெக்ஸில் 7393913. 401 வரைக்கும் நான் வகுத்ததெல்லாம் வீண். மறுபடி இரண்டிலிருந்து.

ஒரு நல்லது: இதற்கு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரை போனால் போதும்.

ஜனவரி 16, வெள்ளி

இன்னொரு மூன்றும் போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டு எல்லார் வேட்டியையும் கிழித்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் மூன்று விரித்திருக்கிறது. சின்ன முதலாளி அதன் மேல் உட்கார்ந்துதான் வகுக்கிறார்.

பிளெக்ஸில் 739391. மறுபடி இரண்டிலிருந்து. 859 வரை.

பொங்கல் லீவில் என் வயது ஆட்கள் கரும்பு தின்கிறார்கள்.

ஜனவரி 21, புதன்

இப்போது 1-உம் போய்விட்டது. யார் எடுத்தது என்று தெரியவில்லை. எமரன்சியா டீச்சரிடம் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. "அப்போ இப்ப எவ்வளவுட்டி இருக்கு? 73939-ஆ? நல்லதாப் போச்சு. இருநூத்தி எழுபத்தொன்னு வரைக்கும் வகுத்தாப் போதும்லா" என்றார். மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு உடனே எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

டீச்சர் ஸ்கூட்டி சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறார். வெள்ளை, நடுவில் நேராக ஒரு சிவப்புப் பட்டை. நன்றாக இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

ஒரு சந்தேகம். மூன்று துண்டு போய்விட்டது. ஊரே மூன்று எண்களையும் வகுத்துப் பார்த்துவிட்டது. ஒன்றுகூட உடையவில்லை. ஜொகராவிடம் சொன்னேன். "ஒனக்கு அதிர்ஷ்டம்ட்டி" என்றாள். அதிர்ஷ்டமாக இருந்தால் ஏன் வயிறு வலிக்கிறது?

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினக் கபடி. ஸ்கோர் காட்ட அட்டை இல்லை என்று பத்தாம் வகுப்புப் பயல்கள் பிளெக்ஸிலிருந்து ஒன்பதை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்பது புள்ளி வந்தால் நேராகப் பிடிக்கிறார்கள், ஆறு வந்தால் தலைகீழாக. மற்றபடி எத்தனை புள்ளி எடுத்தாலும் ஆறு அல்லது ஒன்பதுதான். எங்கள் பள்ளி 9-6 என்று ஜெயித்தது. ஒரே துணியை வைத்து எப்படி இரண்டையும் காட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது 7393.

ஜனவரி 28, புதன்

முடித்துவிட்டேன்.

7393-க்கு 83 வரை போனால் போதும். நேற்றும் இன்றும் வகுத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை, சந்தேகம் வந்ததை இரண்டு தடவை போட்டேன். கடைசியில் 83-ஆல் வகுத்தபோது மீதி 6. கீழே "பகா எண்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். போனதடவையும் இதே மாதிரிதான் போட்டேன், ஆனால் இது வேறு கோடு.

சாயங்காலம் டீச்சரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இந்தத் தடவை நோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாப்பத்தி மூணுல மீதி தப்பு. நாப்பது வரணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

வீட்டுக்கு வந்தால், நனைத்த பீடி இலைக் கட்டுக்கு மேல் அம்மா ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். துணியில்லை. பிளெக்ஸ். சிவப்பில் மூன்று.

நான் அம்மாவையும் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா பீடியைச் சுற்றிக்கொண்டே, "என்னட்டி முறைக்க? ஊர்ல எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுக்காவ. எம் புள்ள எண்ணுல எனக்கு ஒண்ணு கிடையாதா?" என்றாள்.

739. இதைப் பள்ளிக்குப் போகும் வழியிலேயே மனசுக்குள் வகுத்து முடித்துவிடலாம். 23 வரைதான்.

பிப்ரவரி 4, புதன்

இன்னொரு ஒன்பதும் போய்விட்டது. 73. எங்கள் வகுப்பிலேயே கடைசி பெஞ்சு ஆட்களுக்குக்கூட இது பகா எண் என்று தெரியும். பெரிய முதலாளி ஜெயித்துவிட்டேன் என்று லட்டு சொல்லிவிட்டார். யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஊரில் எந்தக் கூரையிலும் பெஞ்சிலும் அந்த ஒன்பது இல்லை என்று ஜொகரா தேடிப்பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 5, வியாழன்

நாளைக்கு ஆண்டு விழா. பயமில்லாமல் தூங்கியிருக்கலாம். எல்லாரும் வலது பக்கமே வெட்டினார்களே, இடது பக்கம் ஒரே ஒரு வெட்டு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சும்மா போட்டுப் பார்த்தேன். பெரிய முதலாளியை வெட்டினால் முழங்கையோடு ஏழும் போய்விடும். மீதி 3939133.

பதினொன்றால் போகிறது.

மீதியே இல்லை. 11 × 358103. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன்.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது. கடவுளே, பெரிய முதலாளி முகத்தை நாளைக்கு ஒரு நாள் மட்டும் காப்பாற்று.

பிப்ரவரி 6, வெள்ளி

விழாவிலிருந்து வந்ததும், உடுப்பைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

மேடைக்குப் பின்னால் பிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். பெரிய முதலாளியும் 73-உம். சிறப்பு விருந்தினர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர், எமரன்சியா டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவராம். சின்ன முதலாளி முதல் வரிசையிலிருந்து எழுந்து, இது அநியாயம், எண்ணைத் தின்றுவிட்டு வாலைக் காட்டுகிறார்கள், முழு எண்ணும் வேண்டும் என்றார். பெரிய முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, யார் யார் எடுத்தீர்களோ கொண்டுவாருங்கள், யாரையும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றார்.

லட்டு கொடுத்து முடிப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. மேடையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா மூன்றைப் பிடித்துக்கொண்டு, பீடி இலை வாசனையோடு. கபடிப் பையன் ஒன்பதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிறகு எல்லாரும் கத்தியதும் திருப்பிக்கொண்டு. டீக்கடைக்காரர் ஒரு மூன்று, நடுவில் ஆணி ஓட்டையோடு. வள்ளிமயிலக்கா கடைசி மூன்றும் நானும், என் நெற்றியில் கோழி எச்சத்தோடு. நடுவில் 1 வேண்டும். எமரன்சியா டீச்சர் இறங்கிப் போனார். ஸ்கூட்டி சீட்டின் உறையை உருவிக்கொண்டு வந்து, சிவப்புப் பட்டையை நேராகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். பட்டை இல்லை அது. ஒன்று.

அப்படியும் ஒரு ஒன்பது குறைந்தது. பெரிய முதலாளி மைக்கில் இரண்டு தடவை கேட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சின்ன முதலாளியின் டிரைவர் உற்சாகமாக ஓடிவந்தார். "இந்தா இருக்கு. சின்ன மொதலாளி ஜீப்புல, ஸ்டெப்னிக்கு மேல போத்தியிருந்துச்சு" என்று ஒன்பதை விரித்துக் காட்டினார்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சின்ன முதலாளி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் 739-ஐ வகுக்க முடியாமல், ஒன்பதை எடுத்தால் உடையும் என்று நினைத்திருப்பார் போல. உருவிப் பார்த்தால் 73.

பிறகு பேராசிரியர் பேசினார். கல்லூரிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். 73939133 பகா எண்தான். வலது பக்கம் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், மிஞ்சுவதும் ஒவ்வொரு தடவையும் பகா எண்தான், கடைசி ஏழு வரைக்கும். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண்ணே கிடையாதாம். அதனால்தான் உங்கள் டீச்சர் இதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார் என்றார். டீச்சர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

எனக்குத் தலை லேசாகிவிட்டது. என் தலையாட்டல் பொய்யில்லை. அதாவது, பொய்தான், ஆனால் உண்மை.

அப்போது சின்ன முதலாளி நிமிர்ந்தார். "அது சரி. வலப்பக்கம் வெட்டுனா ஒடையாது. இடப்பக்கம்? அண்ணன் மூஞ்சி இருக்குன்னுதான எவனும் அங்க தொடல. அதையும் வெட்டிப் பாத்துருவமா, அண்ணே?"

"வெட்டுல" என்றார் பெரிய முதலாளி. அவருக்கு லட்டும் வெற்றியும் தலைக்கு ஏறியிருந்தது. "எங்க வெட்டுனாலும் எங்க எண்ணு அப்படியே நிக்கும்."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். பந்தல்காரர் கத்தியோடு ஏணியில் ஏறினார். கத்தி முழங்கைக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்துவிட்டது. டீச்சர் முகத்தைப் பார்த்தேன். டீச்சர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் தெரியும்.

நான் எப்படி மேடையில் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டாதீய மொதலாளி. ஒங்க மூஞ்சில கத்தி படக்கூடாது" என்று கத்தினேன். அப்புறம் அழுகைதான் வந்தது. இத்தனை நாள் அழுகையும் சேர்ந்து வந்தது.

பெரிய முதலாளி மைக்கை விட்டுவிட்டு வந்து என் தலையில் கைவைத்தார். "பாத்தியால தம்பி? பெத்த புள்ள மாதிரி அழுதுல்லா. இதைப் போயிப் பிரிக்கணும்ங்கியே" என்றார். அவரும் அழுதார். வள்ளிமயிலக்கா என் போட்டோவால் மூக்கைத் துடைத்தாள். சின்ன முதலாளி எல்லாரையும் பார்த்துவிட்டு, "சரி சரி, எறங்குல ஏணியில இருந்து" என்றார். திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்து வாபஸ் வாங்கிவிடுவதாக மைக்கிலேயே சொன்னார். பேராசிரியர் பேனாவை மூடினார்.

விழா முடிந்து எமரன்சியா டீச்சர் உறையில்லாத ஸ்கூட்டியில் உட்கார்ந்து கிளப்பினார். என் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். யாருக்கும் கேட்காமல், "பதினொன்னு. என்னட்டி?" என்றார்.

தலையாட்டினேன். இந்தத் தடவை வயிறு வலிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

புது பிளெக்ஸ் வரப்போகிறது. இடது பக்கம் பெரியவர், வலது பக்கம் சின்னவர். இனிமேல் எந்தப் பக்கமும் யாரும் பிளேடு வைக்கமாட்டார்கள். என் போட்டோவுக்கு இடமில்லையாம்.

பரவாயில்லை. வள்ளிமயிலக்கா என்னைக் கழுவி மறுபடியும் கோழிக்கூட்டின் மேல் கட்டிவிட்டாள். நேற்று ராத்திரி நான் இல்லாமல் கோழி அடையவே இல்லையாம்.

இனிமேல் யாரும் கேட்கப்போவதில்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. இருந்தாலும் பழைய நோட்டை எடுத்து, 73939133-ஐ விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

409. மீதி 113.